கங்காணிக்கு வைத்த சோறு

கங்காணி செத்ததற்குத் துக்கம் கேட்க முதலில் வந்தவை குரங்குகள்தாம். மறுநாள் காலை பேச்சியம்மா ரப்பர் பால் வெட்டு முடிந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு கூட்டமே தகரக் கூரை மேல் உட்கார்ந்து அவள் வளர்த்த பப்பாளியைத் தின்றுகொண்டிருந்தது. ஒன்று அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. இத்தனை வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கம் கால் வைக்கத் துணியாத கூட்டம் அது. நாய் இல்லை என்ற சேதி அதற்குள் எப்படித்தான் காட்டுக்குள் போனதோ.

கங்காணி என்றதும் மீசை வைத்த ஆள் யாரோ என்று நினைக்க வேண்டாம். நாய்தான். செவலை நிறம், ஒரு காது மடங்கி, ஒரு காது விறைத்து நிற்கும். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போக வேண்டிய கச்சால் தீவில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற இந்தக் குடும்பங்களெல்லாம் சிலோன் தேயிலை மலையிலிருந்து கப்பலேறி வந்தவை. அங்கே வேலை வாங்குகிற கங்காணிகளிடம் பேச்சும் ஏச்சும் வாங்கியது போதாதென்று இங்கே ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்களோடு அதுவும் கிளம்பும். ஒரு மரத்தில் வெட்டி முடித்து, பால் வடிகிற சிரட்டையைச் சரியாக வைக்கிறவரை உட்கார்ந்து பார்க்கும். பிறகுதான் அடுத்த மரத்துக்கு நகரும். யாராவது வெற்றிலை போட நின்றால் குரைக்கும். "அங்க விட்டுட்டு வந்த கங்காணி இங்க வந்து பொறந்துட்டான்" என்று பக்கத்து வீட்டுப் பெரியதம்பி சொன்னார். அதற்கப்புறம் அதற்கு வேறு பெயர் வாய்க்கவில்லை.

அது போனது ஒரு சாயங்காலத்தில். பேச்சியம்மாவின் வீட்டுக்காரர் அழகையா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகாமல் நாலா என்று இங்கே சொல்கிற ஓடைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பாக்கு மரம் போட்டு வைத்திருந்தார். தினமும் அங்கே போய்விட்டுத் திரும்பும்போது நாலாக் கரையில் கிடக்கிற துவைகல்லில் நின்று கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் அதுவரைக்கும் வரும். கங்காணி எப்போதும் அவருக்கு முன்னால் ஓடிப்போய்த் தண்ணீரில் இறங்கி நிற்கும். அன்றைக்கு அவர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. நாய் இல்லை.

முதலை எடுத்துவிட்டது என்று புரியவே அவருக்கு நேரம் ஆயிற்று. இருட்டுகிற மட்டும் அங்கேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பெரியதம்பிதான் பிடித்து இழுத்துவந்தார். முதலை என்ற சேதி காதில் விழுந்ததும், வாசலில் வந்து நின்ற புருஷனிடம் பேச்சியம்மா முதலில் பார்த்தது அவருக்குக் கால் இரண்டும் இருக்கிறதா என்றுதான். இருந்தன. கங்காணியைப் பற்றி அதற்கப்புறம்தான் கேட்டாள். அதைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

இங்கே நாய் செத்தால் தென்னங்கன்றுக்கு அடியில் புதைப்பார்கள். புதைக்க ஒரு எலும்புகூடக் கிடைக்காத சாவு இது. அழகையா அதற்கு மனுஷருக்குச் செய்கிற மாதிரி செய்வேன் என்றார். கருமாதி வரைக்கும் தினமும் சோறு வைப்பேன், அதற்குப் பிறகுதான் தலைக்கு எண்ணெய் தொடுவேன் என்றார்.

வேறு நாயாக இருந்தால் சனங்கள் சிரித்திருப்பார்கள். கங்காணி விஷயத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. இவர்கள் குடியிருக்கிற பக்கம் காக்கையே கண்ணில் படாது. கப்பலிலிருந்து இறங்கிய பெரியவர்கள் முதல் அமாவாசைக்கு இலை போட்டுச் சோறு வைத்து, தொண்டை வறளக் கா கா என்று கத்திப் பார்த்தார்களாம். வந்தது குரங்குதான். செத்துப்போன அப்பன் பாட்டன் குரங்காக வந்தான் என்று ஒத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்? சண்டை போட்டு, பேசி, கடைசியில் படையல் சோற்றை வீட்டு நாய்க்கு வைப்பது என்று முடிவானது. அந்த முடிவு அப்படியே வழக்கமாகிவிட்டது.

அதில் கங்காணிக்கு நிகர் கிடையாது. மற்ற நாய்கள் இலை மேல் விழுந்து பிடுங்கும். இது நின்று, வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒரு தடவை பார்த்து, மோந்து, மெதுவாகச் சாப்பிடும். பார்க்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும். அதனால் அமாவாசைக்கு அமாவாசை அதைக் கூப்பிட்டுப் போக ஆள் வரும். ஆடி அமாவாசையன்று வரிசையில் இருக்கிற அத்தனை வீட்டுச் செத்தவர்களுக்காகவும் தின்றுவிட்டு, எழுந்திருக்க முடியாமல் பேச்சியம்மாவின் அடுப்படியில் மல்லாந்து கிடக்கும். "ஊரு சோத்தையெல்லாம் தின்னுட்டு எங்கிட்ட வந்து படுத்துக்க" என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே வயிற்றைத் தடவிக்கொடுப்பாள்.

இப்போது கங்காணிக்காகச் சாப்பிட யார் இருக்கிறார்கள்? பெரியதம்பி தன் நாயைத் தருகிறேன் என்றார். அழகையா வேண்டாமென்றுவிட்டார். உயிர் எந்த இடத்தில் போனதோ அந்த இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கங்காணியின் அலுமினியத் தட்டிலேயே சோறும் கருவாடும் போட்டு, ஒரு ரொட்டியைப் பிய்த்து மேலே வைத்து, பொழுது சாய்கிற நேரத்துக்கு நாலாவுக்குக் கொண்டுபோனார். துவைகல்லில் தட்டை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தட்டு காலி.

திரும்பி வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். சாவு விழுந்ததிலிருந்து அவர் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அதுதான். பேச்சியம்மாவுக்கு அந்த ஒரு நாள் நிம்மதியாக இருந்தது. ஆற்றாமையில் இருக்கிற மனுஷன், ஏதோ செய்து ஆறிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்து வந்த ஒரு காலையில், வெட்டின பாலைச் சேர்த்து ஊற்றிவிட்டு வரும் வழியில், தட்டை எடுத்துக்கொண்டு போகலாமே என்று அவளே நாலாவுக்கு இறங்கினாள். தட்டு கல்லிலிருந்து தள்ளி, சேற்றில் குப்புறக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் சேறு வழவழவென்று அகலமாக இழுபட்டிருந்தது, ஒரு வள்ளத்தைக் கரையேற்றினால் விழுமே, அந்த மாதிரி. இரண்டு ஓரத்திலும் விரல் பதிந்த தடம். அந்தத் தடம் தண்ணீரிலிருந்து ஏறி, கல்லைச் சுற்றி, மறுபடி தண்ணீருக்குள் போயிருந்தது.

பேச்சியம்மா தட்டை எடுக்காமலேயே மேலே ஓடிவந்தாள்.

அன்றிலிருந்து அவள் வேலை வேலையாக இல்லை. ரப்பர் பட்டையை நூல் பிடித்த மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம்பட்டு அந்த இடம் முடிச்சு விழுந்துவிடும், பிறகு அங்கே வெட்ட முடியாது. முப்பது வருஷமாகக் கத்தி பிடிக்கிற கை அவளுடையது. அந்தக் கை இப்போது மரத்துக்கு மரம் தவறியது. இந்நேரம் எழுந்திருப்பாரா, தட்டை எடுக்க இறங்கியிருப்பாரா என்ற நினைப்பிலேயே வெட்டினாள். பாதி வேலையில் கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, அவர் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி ஓடினாள். மழை நாளில் பால் வெட்டு கிடையாது, வீட்டில் இருந்து அவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மழைக்கு வேண்டினாள். மழை பெய்தால் நாலாவில் தண்ணீர் ஏறுமே என்று அந்த வேண்டுதலை அவளே திரும்ப வாங்கிக்கொண்டாள்.

காட்டிலாகாவில் காவலராக இருக்கிற தேவேந்திரனிடம் போய்ச் சொன்னாள். தென்காசிப் பக்கத்துப் பையன். இந்தத் தீவுக்கு வந்து ஹிந்தியும் கலந்து பேசப் பழகியிருந்தான். உடனே அவளோடு வந்து தடத்தைப் பார்த்தான். பார்த்தவன் முகம் மாறிவிட்டது.

"யக்கா, இது படையல் இல்ல. அதப் பழக்குதீக" என்றான். "தெனம் ஒரே நேரம், ஒரே எடம், ஒரே ஆளு. மகருக்கு, அதான் மொதலைக்கு, அது போதும். என்னைக்காவது தட்டு வர நேரமாச்சுன்னா அது ஆளப் பாக்கும். சமஜ் கயா, புரியுதா?"

பிடிக்கிற கூண்டு போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் வர வேண்டும், கடல் கொந்தளிப்பால் கப்பல் ரத்தாகியிருக்கிறது, எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது என்றான். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று முதலை இருக்கிறது என்று எச்சரிக்கிற சிவப்புப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து கரைக்கு மேலே நட்டான். அழகையாவையும் உட்காரவைத்து, தமிழில் ஒரு தடவையும் ஹிந்தியில் ஒரு தடவையும் எடுத்துச் சொன்னான். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவன் போனதும் எழுந்து தட்டைக் கழுவினார்.

பேச்சியம்மா அவர் முன்னால் வந்து நின்றாள். கங்காணி வந்து தின்றுவிட்டுப் போகிறது என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாரே, அதை எப்படி உடைப்பது என்றுதான் அவளுக்குக் கவலை. அந்தத் தட்டில் வாய் வைப்பது நம்ம நாய் இல்லை என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"தெரியும் புள்ள" என்றார் அழகையா.

"என்னா தெரியும்?"

"அந்த மகருதான் திங்குதுன்னு. மொத நாளே தடத்தப் பாத்துட்டேன்."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, விலை பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"அது வயித்துக்குள்ளதான நம்ம கங்காணி கெடக்கு. அதுக்குப் போட்டா இதுக்குப் போய்ச் சேரும். ஊருல செத்தவங்களுக்கெல்லாம் கங்காணி வயித்து வழியா சோறு அனுப்புனோம். இப்ப கங்காணிக்கு அனுப்ப ஒரு வயிறு வேணும்ல. அதுக்கு அந்த வயித்த விட்டா வேற எந்த வயிறு இருக்கு?"

பைத்தியம் பிடித்த பேச்சாக இருந்தால் அவளுக்குப் பாதி பயம் குறைந்திருக்கும். பெரியதம்பியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஏதாவது செய்திருக்கலாம். இது கணக்கு சரியாக வருகிற பேச்சு. அவர்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கின வழக்கத்தை எடுத்து அவர் கடைசிவரை கொண்டுபோய்விட்டார். அதில் எந்த இடத்தில் தப்பு என்று அவளால் காட்ட முடியவில்லை.

மகள் வசந்தகுமாரி போர்ட் பிளேரில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். ஜெட்டிப் பக்கம் போய் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். பேச்சியம்மா போய் நின்று, அப்பாவைக் கொஞ்ச நாள் அங்கே அனுப்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மகள் அழுதுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அந்தக் குட்டியை மடியில் வைத்துத் தூக்கிவந்தவள் அவள்தான். கங்காணி போட்டோவைப் பார்த்துப் பார்த்து அழுகிறேன், சோறு இறங்கவில்லை என்றாள். பேச்சியம்மா அவளுக்கு ஆறுதல் சொன்னாள். சொல்லி முடித்து விஷயத்துக்கு வருவதற்குள் சிக்னல் போய்விட்டது. கிடைத்திருந்தாலும் என்ன, ஏற்றிவிடக் கப்பல் இல்லை.

அவளால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தாள். தட்டை ஒளித்துவைத்தாள். அவர் தேக்கிலையில் சோற்றைக் கொண்டுபோனார். கருவாடு தீர்ந்துபோயிற்று என்றாள். அவர் பெரியதம்பி வீட்டில் வாங்கிக்கொண்டார். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அழகையா கோபித்துக்கொள்ளவில்லை, கையை விடுவித்துக்கொண்டு போனார். கடைசியில் தினமும் அவருக்குப் பின்னால் போய், சிவப்புப் பலகைக்குப் பக்கத்தில் அரிவாளோடு நிற்பது அவள் வேலையாகிப் போனது. முதலையை அரிவாளால் என்ன செய்ய முடியும் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. வெறுங்கையோடு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஊரில் ஆளாளுக்குக் கங்காணியை நினைத்து ஒரு பாட்டம் அழுதுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் அதற்கு ஒழிவில்லை. அந்த நாயைப் பற்றி நினைக்க ஆரம்பித்தாலே நினைப்பு புருஷனுடைய காலில் போய் நின்றுவிடும்.

கருமாதி அன்று விடிந்ததிலிருந்து மழை. பால் வெட்டு இல்லை. அன்றைக்கென்று அமாவாசையும் வந்து சேர்ந்ததால் கடல் நன்றாக ஏறும் என்று பெரியதம்பி சொல்லிவிட்டுப் போனார். இன்றோடு விட்டுவிடுவீர்களா என்று பேச்சியம்மா புருஷனிடம் கேட்டாள். கருமாதிக்கு அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை வைக்க வேண்டியதுதானே என்றார் அவர். வெகு சாதாரணமாகச் சொன்னார். அப்போதுதான் அவளுக்கு இது முடிகிற காரியம் இல்லை என்று விளங்கியது.

அவள் அடுப்பை மூட்டினாள். சோறு வடித்தாள். புளி கரைத்துக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மாவில் தேங்காய்ப் பூவைப் போட்டுப் பிசைந்து, கல்லில் தட்டிப் போட்டு, ஓரம் கருகுகிற மாதிரி ரொட்டி சுட்டாள். எல்லாவற்றையும் தன் கையாலேயே அலுமினியத் தட்டில் நிறைய வைத்துக் கொடுத்தாள். அழகையாவுக்கு ஆச்சரியம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. மரத்திலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சறுக்குகிற மண்ணில் இருவரும் இறங்கினார்கள். நாலா பொங்கிக் கிடந்தது. துவைகல்லின் காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. தென்னமட்டையும் சருகும் மிதந்து மேலேறி வந்துகொண்டிருந்தன. நடுவில் கண் மாதிரி இரண்டு முடிச்சு மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றன. பேச்சியம்மா அதைப் பார்த்தாள். அழகையாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, விருந்தாளி வந்துவிட்டார் என்கிற மாதிரி நடையை எட்டிப் போட்டார்.

சிவப்புப் பலகையை அவர் தாண்டியபோது பேச்சியம்மா அரிவாளைக் கீழே போட்டாள். வேகமாக முன்னால் போய், அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். போய்த் துவைகல்லில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் தட்டை வைத்துச் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டாள்.

"என்னா புள்ள பண்ற? அது கங்காணிக்கு வச்சது."

"தெரியும். அதுக்காகத்தான் திங்கிறேன்."

படையல் சோற்றை அது போய்ச் சேருமுன் மனுஷர் தொடக்கூடாது. அவளுக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். அவள் அடுத்த கவளத்தை எடுத்தாள்.

"ஒரு வயிறு வேணும்னுதான சொன்னீங்க" என்றாள். "எனக்கு இல்லையா வயிறு? பதினோரு வருசம் அதுக்குச் சோறு போட்டவ நானு. நான் தின்னா அதுக்குப் போய்ச் சேராதா?"

"சரி, எந்திரி. மேல வந்து பேசு. தண்ணி ஓரம்."

"தட்டு காலியாகட்டும்."

அவர் பார்வை அவள் தலைக்கு மேலாகத் தண்ணீருக்குப் போயிற்று. அவளுக்கு முதுகு முழுக்கக் கூசியது. திரும்பிப் பார்த்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்று தெரிந்தது. அதனால் திரும்பவில்லை. ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தாள். மடியில் குழம்பு சிந்தியது.

"அந்த முடிச்சக் காணோம் பேச்சி" என்றார் அழகையா. அவர் குரல் மாறிப்போயிருந்தது. "எந்திரி. உன் கால்ல விழறேன்."

"என்னையும் இழுத்துட்டுப் போச்சுன்னா இங்கேயே எனக்கும் வைங்க. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே தட்டுல வைங்க. அதுக்குப் போட்டா எனக்கும் வந்து சேரும்தான?"

அவர் கல்லுக்கு ஓடிவந்தார். சறுக்கி, முழங்காலில் விழுந்து, எழுந்து, அவள் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார். பாக்கு மரம் ஏறுகிற கை, இரும்பு மாதிரி இருக்கும். அந்தக் கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. சேற்றில் அவளை இழுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டுக் கண்ணை எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து மேட்டுக்கு ஏறினார். சிவப்புப் பலகையைத் தாண்டி, பாதையும் தாண்டி, ரப்பர் மர வரிசைக்கு வந்த பிறகுதான் விட்டார். விட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பயந்து போயிட்டேன் புள்ள" என்றார்.

"எனக்கு இத்தன நாளா இப்பிடித்தான் இருந்துச்சு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, இனி அங்கே போகவில்லை என்றார். சத்தியம் பண்ணச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவர் கை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது, அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

இழுத்த இழுப்பிலும் தட்டை அவள் விட்டிருக்கவில்லை. பாதிச் சோறு மிச்சம் இருந்தது. அவளும் கீழே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து சாப்பிட ஆரம்பித்தாள். பயம் இறங்கின பிறகுதான் நாக்கில் ருசி தெரிந்தது. கருவாட்டின் உப்பு, கருகின ரொட்டி, தேங்காய். இதைத்தானே அது தினமும் அடுப்படியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தின்றது என்று நினைத்தாள். அப்போதுதான் பேச்சியம்மாவுக்குக் கங்காணிக்காக அழுகை வந்தது. வாயில் சோற்றோடு, சத்தம் போட்டு அழுதாள்.

அழகையா தேற்றவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கருவாட்டுத் தலையத்தான் அது மொதல்ல திங்கும்" என்றாள் அவள் அழுகைக்கு நடுவில்.

"ஆமா" என்று சொல்லி, தட்டில் ஒதுங்கிக் கிடந்த கருவாட்டுத் தலையை எடுத்துச் சோற்றோடு சேர்த்து அவள் பக்கம் வைத்தார்.